அவுரி நீலத்தைக் கையாள்வதும் சேமிப்பதும்: மதுரையில் புதிதாகச் சாயத் தொட்டி போடுபவருக்கான வழிகாட்டி

இயற்கைச் சாயத்தில் இறங்கும் பெரும்பாலோர் அவுரி நீலத்தில்தான் தொடங்குகிறார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. செடியிலிருந்து வந்ததுதானே, வெறுங்கையால் அள்ளலாம் என்பார் ஒருவர். நஞ்சைப் போலப் பூட்டி வை என்பார் இன்னொருவர். சாயக் கடை, நாட்டு மருந்துக் கடை, நெசவுக்காரர் வீடு என்று அலைந்து துண்டு துண்டாகச் சேர்த்த செய்திகளை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் குடும்பத்தவரானாலும், மொட்டை மாடியில் ஒரு டிரம் வைத்து நாலு துண்டு நனைத்துப் பார்க்க விரும்புபவரானாலும், இதே வரிசையில் போனால் பணமும் கண்ணும் தப்பும். கண் என்று சொல்வது மிகையன்று. காரணம் 5ஆம் படியில் இருக்கிறது.

1. வாங்கப்போவது எது என்பதை உறுதிசெய்யுங்கள்

கடையில் வெறுமனே "நீலம்" என்று கேட்டால் வெள்ளையடிக்கும் நீலப்பொடியோ துணி வெளுக்கும் சொட்டு நீலமோ கைக்கு வரும். இரண்டும் உங்களுக்குப் பயன்படாது. "அவுரிப் பொடி" என்று கேட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. தலைமுடிக்குப் போடும் பச்சை நிற இலைப் பொடியைத்தான் நாட்டு மருந்துக் கடைக்காரர் எடுத்துத் தருவார். அதில் நீலம் இன்னும் உருவாகவில்லை, நீலமாக மாறக்கூடிய பொருள் மட்டுமே இருக்கிறது. துணித் தொட்டிக்கு அதைக் கொட்டுவது வீண். துணிக்கு வேண்டியது, அவுரி இலையை ஊறவைத்துக் கலக்கி அடியில் படிந்ததை எடுத்து உலர்த்திய நீலக்கட்டி, அல்லது அந்தக் கட்டியை அரைத்த கருநீலப் பொடி.

இந்த வேறுபாடு சேமிப்பிலும் முக்கியமானது. நீலக்கட்டி ஈரம் படாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. இலைப் பொடியோ ஈரம், வெப்பம், வெளிச்சம் மூன்றுக்கும் தோற்றுப்போகும். ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கும் எண்ணத்தோடு வாங்கக் கூடாது. ஒன்றைப் பற்றிக் கேட்ட அறிவுரையை மற்றொன்றுக்குப் பொருத்துவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இனி இந்தக் கட்டுரையில் நீலம் என்று வருமிடமெல்லாம் கட்டியையும் கட்டிப் பொடியையுமே குறிக்கும்.

முதல் தடவை 250 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். 20 லிட்டர் தொட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் போட்டாலே நடுத்தரமான நீலம் கிடைக்கும். அந்தக் கணக்கில் 250 கிராம் நாலு தொட்டிக்கு வரும். பொடியைவிடக் கட்டி நல்லது. கட்டியில் கலப்படம் செய்வது கடினம், தூசியும் குறைவு. ஆனால் கட்டியை அரைக்கும் வேலை உங்கள் தலையில் விழும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பில்லும் சான்றும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்

விற்பவரிடம் மூன்று காகிதங்கள் கேட்க வேண்டும்: முறையான பில், பகுப்பாய்வுச் சான்று, பாதுகாப்புத் தரவுத் தாள். பில்லில் முதலில் பார்க்க வேண்டியது எச்.எஸ்.என். எண், அதாவது வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண். தாவரத்திலிருந்து கிடைக்கும் நிறப்பொருள் 3203 என்ற தலைப்பின்கீழ் வரும். செயற்கைச் சாயம் 3204இல் வரும். "சுத்தமான அவுரி" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் பில்லில் 3204 என்று அடித்துத் தருபவரிடம் காரணம் கேட்காமல் நகராதீர்கள். சான்றில் உள்ள நிற எண்ணையும் பாருங்கள். இயற்கை நீலம் "நேச்சுரல் புளூ 1", எண் 75780. செயற்கை நீலம் "வாட் புளூ 1", எண் 73000. நிறம் தரும் மூலப்பொருளான இண்டிகோட்டின் இரண்டிலும் ஒன்றே என்பதால், தொட்டியில் போட்டுப் பார்த்து எவராலும் வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியாது. காகிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது அதனால்தான்.

பகுப்பாய்வுச் சான்றில் இண்டிகோட்டின் எத்தனை விழுக்காடு என்று இருக்கும். இயற்கை நீலத்தில் மண், சுண்ணாம்பு, இலைக்கழிவு எல்லாம் கலந்திருப்பதால் இந்த அளவு சரக்குக்குச் சரக்கு வெகுவாக மாறும். அதனால் கிலோ விலையை மட்டும் ஒப்பிடுவது பெரிய ஏமாற்றத்தில் முடியும். 40 விழுக்காடு உள்ள சரக்கு கிலோ 3,000 ரூபாய், 25 விழுக்காடு உள்ளது 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு இரண்டாவது மலிவு. ஆனால் ஒரு கிலோ இண்டிகோட்டினுக்கு நீங்கள் கொடுப்பது முதலாவதில் 7,500 ரூபாய், இரண்டாவதில் 9,600 ரூபாய். மாறாக, இயற்கை என்று சொல்லி 90 விழுக்காட்டுக்கு மேல் காட்டும் சான்று வந்தால் மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் செயற்கைச் சரக்கு. மொத்தமாக வாங்கும் நிலை வந்தால், மாதிரியைத் துணிச் சாயப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது நல்லது. கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இந்தச் சோதனை உண்டா, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் முடிவு தருவார்கள் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

3. சரக்கு வந்த அன்றே சோதித்துவிடுங்கள்

பொட்டலத்தை மின்விசிறிக்கு அடியில் பிரிக்காதீர்கள். மாவை விட மெல்லிய தூள் அது. ஒரு சுற்றில் அறை முழுவதும் பரவி, வெள்ளைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விசிறியை நிறுத்தி, என்95 முகக்கவசம் போட்டு, பழைய ஈரத்துணியை விரித்து அதன்மேல் பிரியுங்கள். நீலத்தைத் தொடுவதால் தோலுக்குப் பெரிய கேடில்லை. தூளை மூச்சில் இழுப்பதுதான் கூடாது, ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

மூன்று எளிய சோதனைகள் போதும். கட்டியை நகத்தால் அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் செம்பு நிறத்தில் மினுங்க வேண்டும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை பொடியைத் தூவினால் பெரும்பகுதி மிதக்கும், தண்ணீர் நிறமற்றே இருக்கும்; கலக்காமலே தண்ணீர் நீலமாகக் கரைந்து பரவினால் வேறு சாயம் கலந்திருக்கிறது. விரல்களுக்கிடையே நெருடினால் மண் அதிகம். பழைய கரண்டியில் சிட்டிகை வைத்து வெட்டவெளியில் சூடாக்கி ஊதாப்புகை வருகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. அது நீலம்தானா என்பதைக் காட்டுமே தவிர, இயற்கையா செயற்கையா என்பதைக் காட்டாது. அந்தப் புகையை மூச்சில் இழுக்கவும் கூடாது. எனக்கு அந்தச் சோதனை அவசியமாகத் தோன்றவில்லை.

4. ஈரம் புகாமல் சேமியுங்கள்

அகலவாய் கொண்ட கண்ணாடி ஜாடி அல்லது கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, இறுக்கமான மூடி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்: இவ்வளவுதான் வேண்டும். வந்த பாலித்தீன் பையிலேயே முடிச்சுப் போட்டு வைப்பது பழக்கமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் தூள் பறக்கும். வைக்கும் இடம் இருட்டாகவும் உலர்ந்ததாகவும் இருந்தால் போதுமானது. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், வெளியே எடுத்தவுடன் ஜாடிக்குள் வியர்த்துவிடும். சமையலறை அலமாரி அறவே கூடாது. இது உணவு நிறமன்று என்பதும், பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் சித்திரை வெயிலால் நீலக்கட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பகை. கட்டியில் மிச்சமிருக்கும் இலைச்சத்தில் பூசணம் பிடிக்கும். புரட்டாசி முடிவதற்குள் எல்லா ஜாடியையும் திறந்து பார்த்துச் சிலிக்கா ஜெல்லை மாற்றிவிடுங்கள். பூசணம் பிடித்த கட்டியை எறிய வேண்டியதில்லை. முகக்கவசத்தோடு வெளியில் வைத்து மேற்பரப்பைத் தூரிகையால் துடைத்து, காற்றடிக்காத நிழலில் உலர்த்தினால் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு ஜாடியிலும் சீட்டு ஒட்டுங்கள்: பொருளின் பெயர், விற்றவர், வாங்கிய தேதி, இண்டிகோட்டின் விழுக்காடு, எடை. பழைய சரக்கின் மேலேயே புதியதைக் கொட்டாதீர்கள். ஒரு சேலைக்கும் அடுத்த சேலைக்கும் நிறம் மாறுகிறதென்றால், காரணத்தை இந்தச் சீட்டில்தான் தேட வேண்டியிருக்கும்.

5. நீலத்தைவிடச் சுண்ணாம்பிடம் எச்சரிக்கையாக இருங்கள்

நீலம் தண்ணீரில் கரையாது. காரத்தன்மையுள்ள நீரில், ஆக்சிஜனை இழக்கச் செய்யும் ஒரு பொருளோடு சேர்ந்தால்தான் மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைந்து நூலுக்குள் புகும். அந்தக் காரத்தைத் தருவது சுண்ணாம்பு, ஆக்சிஜனை இழக்கச் செய்வது வெல்லம். எல்லோரும் நீலத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, காயம் உண்டாக்குவது இந்த வெள்ளைப் பொடிதான்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கவே வாங்காதீர்கள். அதில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். தெறிப்பது சூடும் காரமும் சேர்ந்த குழம்பு. பொடியாகவே கிடைக்கும் நீர்த்த சுண்ணாம்பை, கலப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளையடிக்க விற்கும் பாக்கெட்டுகளில் பசையும் நீலப்பொடியும் சேர்த்திருப்பார்கள் என்பதால் அவை உதவாது. நீர்த்த சுண்ணாம்பு கொதிக்காது என்றாலும், அது கரைந்த நீரின் பி.எச். (அமிலம், காரம் இவற்றின் அளவு; 7 நடுநிலை) 12ஐத் தாண்டும். கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும் அளவுக்கு அது போதும்.

ஆகவே சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கும் முன்பே பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, முகக்கவசம் மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி இதற்கு ஈடாகாது. வேலை செய்யும் இடத்துக்கு எட்டும் தொலைவில் ஓடும் தண்ணீர்க் குழாயோ, குழாய் இல்லையென்றால் நிறைந்த வாளியும் சொம்புமோ இருந்தாக வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். பால், எண்ணெய், வேறு எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். கழுவி முடித்ததும், எரிச்சல் அடங்கிவிட்டதுபோல் தோன்றினாலும், நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மதுரைக்காரர்களுக்கு அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. வெளியூரில் இருந்தால் 108ஐ அழையுங்கள். "சுண்ணாம்பு பட்டது" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

சுண்ணாம்பும் சேமிப்பில் கெடும். காற்றுப் பட்டால் கரியமில வாயுவை உறிஞ்சிச் சாக்குக்கட்டிப் பொடியாகிவிடும். பிறகு எவ்வளவு போட்டாலும் தொட்டி ஏறாது, அதாவது நீலம் கரைந்து சாயமேற்றத் தயாராகாது. ஒரு சிட்டிகையில் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்: நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும். விலை அற்பமானது என்பதால் அரைக் கிலோவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், நீலத்துக்கும் வெல்லத்துக்கும் தள்ளி வையுங்கள்.

சாயப்பட்டறைகளில் பழகியவர்கள் சுண்ணாம்புக்கும் வெல்லத்துக்கும் பதிலாகக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் (சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற வேதிப்பொடி) போடச் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் ஹைட்ரோஸில் சிறிது ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு வாயுவும் வெளிவரும். வீட்டில் வைத்திருக்கத் தகுந்த பொருளன்று. புதியவர் அதன் பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

6. எடை போட்டு, நனைத்துக் குழையுங்கள்

அளவு எளிது: நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, வெல்லம் மூன்று பங்கு. 20 லிட்டருக்கு 60 கிராம் நீலம் என்றால் 120 கிராம் சுண்ணாம்பு, 180 கிராம் வெல்லம். சமையல் தராசை இதற்கு இரவல் வாங்காதீர்கள். சிறிய மின்தராசு ஒன்றைச் சாயத்துக்கென்றே ஒதுக்குங்கள். கரண்டி, வாளி, வடிகட்டி எல்லாம் அப்படியே. சாயத்துக்குப் போன பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.

உலர்ந்த பொடியை நேராகத் தொட்டியில் தூவினால் பாதி மிதக்கும், மீதி பறக்கும். அகலவாய் பிளாஸ்டிக் பாட்டிலில் நாலைந்து கோலிக்குண்டைப் போட்டு, பொடியை இட்டு, வெதுவெதுப்பான நீரைப் பாதியளவு ஊற்றி, மூடியை இறுக்கிப் பத்து நிமிடம் குலுக்குங்கள். குண்டுகள் கட்டியை உடைத்துத் தோசைமாவுப் பதத்தில் குழைத்துத் தரும், தூசியும் எழாது. இந்தக் குழம்பை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் தயாரியுங்கள். ஈரத்தோடு வைத்தால் நாறிவிடும்.

சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சிமெண்டுத் தரையில் பிடித்த கறையைப் பிளீச்சிங் கரைசல் எடுத்துவிடும். ஆனால் வினிகர் அல்லது வேறு அமிலம் இருக்கும் இடத்தில் பிளீச்சிங்கை எடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு உண்டாகும்.

7. தொட்டியை ஏற்றுங்கள்

பாத்திரம் எவர்சில்வராகவோ பிளாஸ்டிக் டிரம்மாகவோ இருக்கட்டும். அலுமினிய அண்டாவைக் காரம் அரிக்கும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். ஏறத்தாழ 50 டிகிரி சூட்டில் உள்ள நீரில் வெல்லத்தைக் கரைத்து, நீலக் குழம்பை விட்டு, கடைசியாகச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுவதே முறை. சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்புத் தண்ணீராக வரும் போர்வெல் நீரிலும் தொட்டி ஏறும், ஆனால் துருவாடை அடிக்கும் நீர் நிறத்தை மங்கலாக்கும். மாநகராட்சிக் குழாய்நீர் இருந்தால் அதுவே நல்லது.

நுரையைத் தூண்டாமல் மெதுவாகக் கலக்கி மூடிவைத்தால், சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மேலே செம்பு மினுக்கோடு ஓர் ஏடு படியும். ஏட்டை விலக்கினால் கீழே திரவம் மஞ்சள்பச்சையாகத் தெரியும். அப்போதுதான் துணியை இறக்க வேண்டும். மெழுகு அச்சு வைத்த சுங்குடியானால் தொட்டி நன்றாக ஆறும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் மெழுகு இளகிவிடும். முடிச்சுச் சுங்குடிக்கு அந்தக் கவலையில்லை.

8. ஏற்றிய தொட்டியைப் பாதுகாத்து வையுங்கள்

நல்ல தொட்டியை வாரக்கணக்கில் வைத்துப் பயன்படுத்தலாம். திரவம் நீலமாக மாறிவிட்டால் சிறிது வெல்லமும் இளஞ்சூடும் கொடுத்து ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். சுண்ணாம்போடு தகரை விதையை வேகவைத்துச் சேர்த்துப் புளிக்கவைக்கும் பழைய முறையும் உண்டு. அதற்குப் பொறுமையும், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் அண்டை வீட்டாரும் தேவை.

மூடியின் மேல் கனமான கல்லை வையுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் 20 லிட்டர் திரவம் காரமாக இல்லாவிட்டாலும் ஆபத்தானதே. டிரம்மில் "சுண்ணாம்புச் சாயம், தொடாதே" என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

9. மிஞ்சியதை வாய்க்காலில் கொட்டாதீர்கள்

தீர்ந்த தொட்டியை மூன்று நான்கு நாள் திறந்துவைத்து அவ்வப்போது கலக்குங்கள். மிச்ச நீலம் காற்றுப் பட்டு மீண்டும் கரையாத் தூளாகிச் சுண்ணாம்போடு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை வடித்து, வினிகர் விட்டு, பி.எச். தாளில் 7ஐ ஒட்டி வரும் வரை சரிசெய்யுங்கள். வீட்டளவிலான அந்தச் சிறிதளவு நீரை உண்ணாத செடிகளின் அடியில் பரவலாக ஊற்றலாம். அடிச்சேற்றை உலர்த்திப் பையில் கட்டித் திடக்கழிவில் சேர்க்கலாம். கண்மாய், கிணறு, மழைநீர்க் கால்வாய், வைகை எதிலும் ஒரு வாளிகூட விடாதீர்கள். செடிச் சாயம் என்றாலும் காரம் காரம்தான், மீனுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

10. விற்கத் தொடங்கும் முன் காகிதங்களை முடியுங்கள்

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் எதுவும் கிடையாது. பதிவு செய்து தருகிறோம் என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும்; முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தகவல் கொடுங்கள். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு அனுப்புவதென்றால் விதிகள் மாறும், கைவினைப் பொருளுக்குத் தனிச் சலுகையும் உண்டு. இதைக் கணக்காளரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

கழிவுநீர் வெளியேறும் சாயத் தொழிலுக்கு 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவை. இயற்கைச் சாயம் என்பதால் விலக்கு உண்டு என்று யாராவது சொன்னால், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். முக்கியமான கண்ணி இடத்தேர்வில் இருக்கிறது: ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் மிகவும் மாசுபடுத்தும் தொழில்களைத் தடுக்கும் அரசாணை 1989இல் வந்தது; வைகை உள்ளிட்ட சில ஆறுகளுக்கு அந்தத் தொலைவு 1998இல் 5 கிலோமீட்டராக்கப்பட்டது. வைகைக் கரையோரம் வாடகை மலிவாகக் கிடைக்கிறதென்று முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காமல், இடத்தின் சர்வே எண்ணோடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் விசாரித்துவிடுங்கள். இட ஆவணம் அல்லது வாடகை ஒப்பந்தம், மனை வரைபடம், நாளொன்றுக்குப் பயன்படுத்தும் நீரின் அளவு, கழிவுநீரை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் ஒரே நாளில் தெளிவான பதில் பெறலாம். மாவட்டத் தொழில் மையத்திலும் கடனுதவி பற்றிக் கேட்கும்போது இதே தாள்களைத்தான் கேட்பார்கள்.

அவுரி இலைப் பொடியைத் தலைச்சாயமாக அடைத்து விற்கும் எண்ணம் இருந்தால் அது வேறு பாதை. அது அழகுசாதனப் பொருளாகக் கருதப்படும். தயாரிப்பு உரிமம் இல்லாமல் ஒரு பாக்கெட்டும் விற்கக் கூடாது.